மேம்பாலம் அறிவிச்சாச்சு, அப்புறம்? சென்னைப் பெருநகரில் போக்குவரத்துத் திட்டம் உருவாகும் வழியும் அதற்குப் பணம் வரும் வழியும்

சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் ஓர் அறிவிப்பு வரும். மறுநாள் நாளிதழில் வரைபடத்தோடு செய்தி வரும். குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பறக்கும், மனைத் தரகர்கள் சதுர அடிக்கு நூறு இருநூறு ஏற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அன்றைய தேதியில் அந்தத் திட்டத்துக்குப் பெரும்பாலும் மண் பரிசோதனைகூட நடந்திருக்காது.

அறிவிப்பு, நிர்வாக அனுமதி, நிதி ஒதுக்கீடு, பணி ஆணை ஆகிய நான்கும் தனித்தனி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சில மாதங்களும் ஆகலாம், பத்து ஆண்டுகளும் ஆகலாம். உங்கள் பகுதித் திட்டம் இவற்றில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவும், எந்தப் படியில் வாய் திறந்தால் பலன் உண்டு என்று தெரிந்துகொள்ளவும் இந்த வழிகாட்டி. சென்னையில் பெரிய திட்டங்கள் பணமில்லாமல் நின்றதைவிட நிலமில்லாமல் நின்றதே அதிகம். அதனால் நிலத்தைப் பற்றிய பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும்.

படி 1: சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள்

சென்னையில் ஒரு சந்திப்பைத் தாண்டுவதற்குள் சாலையின் உரிமையாளர் மாறிவிடுவார். அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. விரைவுச்சாலைப் பகுதி தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம். மாநகராட்சி வசம் பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கி.மீ., தெருக்கள் 5,000 கி.மீ.க்கு மேல். தேசிய நெடுஞ்சாலைகளில் சிலவற்றை தேசிய நெடுஞ்சாலை ஆணையமே பார்க்கிறது, சிலவற்றை மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. தண்டவாள எல்லைக்குள் தெற்கு ரயில்வே. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் நீர்வளத் துறை.

இதைத் தெரிந்துகொள்வது பணத்தின் தடம் பிடிக்கவும் உதவும். ஒவ்வொரு துறையும் தனக்கான பணத்தைச் சட்டமன்றத்தில் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. மாநில பட்ஜெட்டில் நெடுஞ்சாலைத் துறைக்கு அதன் எண் 21, போக்குவரத்துத் துறைக்கு 48. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), கும்டா (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) இரண்டும் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. அதன் எண் 26. ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். உங்கள் சாலையின் பெயர் அதில் மூன்று ஆண்டுகளாக ‘விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பில் உள்ளது’ என்ற ஒரே வரியோடு வந்துகொண்டிருந்தால், திட்டம் நகரவில்லை என்று பொருள்.

படி 2: பெரிய திட்டத்தில் இடம் இருக்கிறதா

இரண்டு ஆவணங்களைப் பாருங்கள். ஒன்று சிஎம்டிஏவின் முழுமைத் திட்டம். 2008-ல் வெளியான இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்கு. இன்னொன்று கும்டா தயாரிக்கும் விரிவான போக்குவரத்துத் திட்டம். இதன் இலக்கு ஆண்டு 2048. சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. அரக்கோணம் பக்கம் வரை இப்போது கணக்கில் வருகிறது.

கும்டாவின் கதை இங்கே நிறுவனங்கள் பிறக்கும் வேகத்துக்கு நல்ல சான்று. சட்டம் இயற்றப்பட்டது 2010-ல், முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றும் ஒன்றையொன்று கேட்காமலே திட்டம் போட்டன. மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கை, விரிவான போக்குவரத்துத் திட்டமும் இப்படி ஓர் ஒருங்கிணைந்த அமைப்பும் இல்லாமல் மெட்ரோவுக்கு உதவி கிடையாது என்று சொல்கிறது. கும்டா உயிர்பெற்றதில் இந்த நிபந்தனைக்கும் பங்கு உண்டு.

இந்த ஆவணங்களில் பெயர் இல்லாத திட்டம் வராது என்று சொல்ல முடியாது, அரசியல் அழுத்தத்தில் வந்த மேம்பாலங்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கடனோ மத்திய உதவியோ தேவைப்படும் திட்டத்துக்கு இந்த ஆவணம்தான் முதல் கேள்வி. முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதமாவது அவகாசம் தருவார்கள். மேம்பாலத் தூண் நட்ட பிறகு பத்து ஆண்டு போராடுவதைவிட இந்த இரண்டு மாதத்தில் எழுதும் ஒரு பக்கம் வலிமையானது. எழுதும்போது ‘எங்கள் பகுதியில் நெரிசல்’ என்று எழுதாதீர்கள். எந்தச் சந்திப்பு, எந்த நேரம், எந்தப் பேருந்துத் தடம் என்று எழுதுங்கள்.

படி 3: எண்ணிக்கை எடுப்பது

வீடுவீடாகப் பயணக் கணக்கெடுப்பு, சாலையோரத்தில் ‘எங்கிருந்து எங்கே’ விசாரிப்பு, சந்திப்புகளில் வாகன எண்ணிக்கை, பேருந்து வேகம். இவற்றை வைத்துக் கணினியில் நகரத்தைச் சிறு மண்டலங்களாகப் பிரித்து, எத்தனை பயணம் பிறக்கிறது, எங்கே போகிறது, எதில் போகிறது, எந்தச் சாலை வழியே போகிறது என்று நான்கு கட்டமாகக் கணிப்பார்கள்.

தவறு நுழையும் இடங்கள் இரண்டு. முதலாவது, வாகனத்தை எண்ணுவதா ஆளை எண்ணுவதா என்பது. சாலைத் தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நகரச் சாலை அளவுகோலில் கார் 1 அலகு என்றால், பேருந்து 2.2 முதல் 3.7 அலகு வரை. அந்தக் கணக்கில் பேருந்து சாலையை அடைக்கும் குற்றவாளியாகத் தெரியும். உள்ளே இருக்கும் அறுபது பேர் கணக்கில் வரமாட்டார்கள். வாகனத்தை மட்டும் எண்ணிய அறிக்கை கடைசியில் மேம்பாலத்தையே பரிந்துரைக்கும், ஆளை எண்ணியது பேருந்துத் தடத்தையோ நடைபாதையையோ பரிந்துரைக்க வாய்ப்புண்டு. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்து என்றுதான் சொல்கிறது.

இரண்டாவது, உச்ச நேரத்தில் ஒரு திசையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்ற எண். எந்த வகைப் போக்குவரத்து என்பதை இதுதான் முடிவு செய்கிறது. மத்திய அரசின் வரையறைப்படி மெட்ரோ நியோ (ரப்பர் சக்கரத்தில் ஓடும் மின்சார வண்டி) சுமார் 8,000 பேர் வரை, மெட்ரோலைட் (இலகு ரயில்) 15,000 பேர் வரை, அதற்கு மேல்தான் முழு மெட்ரோ. எல்லா ஊருக்கும் முழு மெட்ரோதான் வேண்டும் என்று ஆசை இருக்கும். ஆசை முதலில் வந்து எண் பின்னால் வரும்போது, இருபது ஆண்டு கழித்து வரப்போகும் பயணியை இன்றைக்கே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். அதனால் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது திறப்பு ஆண்டின் எண்ணை. இறுதி ஆண்டு எண் பக்கத்திலேயே கவர்ச்சியாக இருக்கும், அதில் மயங்க வேண்டாம்.

படி 4: விரிவான திட்ட அறிக்கை

சாத்தியக்கூறு அறிக்கை, மாற்று வழிகளின் ஒப்பீடு, பிறகு விரிவான திட்ட அறிக்கை. இதுதான் வரிசை. மெட்ரோ என்றால் பொருளாதார ஆதாய விகிதம் 14 சதவீதமாவது வர வேண்டும். டிக்கெட் வருமானம் மட்டுமல்ல, மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்து எல்லாவற்றையும் பணமாக்கிப் போடும் கணக்கு இது.

அறிக்கையின் நகல் கையில் கிடைத்தால் முன்னுரையைத் தாண்டி நேராக இவற்றுக்குப் போங்கள்: விலை எந்த ஆண்டின் விகிதப் பட்டியல்படி (பொருளுக்கும் கூலிக்கும் அரசு வைக்கும் விலைப் பட்டியல்) போடப்பட்டது, நில அட்டவணை சர்வே எண் வாரியாக இருக்கிறதா, அல்லது மொத்தமாக இத்தனை சதுர மீட்டர் என்று முடித்திருக்கிறார்களா, நிலத்தடியில் குடிநீர் வாரியக் குழாயும் மின் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடம், துளையிட்டு எடுத்த மண் பரிசோதனைப் பதிவுகள், வேலை நடக்கும் காலத்துப் போக்குவரத்து மாற்றம், பேருந்து நிறுத்தமும் பாதசாரி கடக்குமிடமும் எங்கே போகின்றன. கடைசியாகச் சொன்ன இரண்டும் பெரும்பாலான மேம்பால அறிக்கைகளில் ஒரு பத்தியில் முடிந்துவிடும். மேம்பாலம் திறந்த பிறகு கீழே நடப்பவர் தவிப்பது இதனால்தான்.

மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது சென்னையில் சும்மா கேட்கும் கேள்வி அல்ல. தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 2024 ஜனவரியில் ₹621 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டினார்கள். அதன் அடியில் மெட்ரோ சுரங்கம் ஓடுகிறது. வழக்கமான ஆழமான தூண் அடித்தளம் போட முடியாமல், சுரங்கத்தில் பாரம் இறங்காதபடி தனியாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. மெட்ரோ கட்டும்போதே மேலே ஒரு சாலை வரும் என்று யோசித்திருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. ஆற்காடு சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெட்ரோ வழித்தடங்களை ஒரே தூணில் ஏற்றியிருப்பது அப்படி முன்யோசித்ததன் பலன்.

இன்னொரு விஷயம். செய்தித்தாளில் வரும் திட்ட மதிப்பும் டெண்டரில் வரும் மதிப்பும் ஒன்றாக இருக்காது. திட்ட மதிப்பில் நிலம், குழாய் கேபிள் மாற்றும் செலவு, 18 சதவீத ஜிஎஸ்டி, மேற்பார்வைக் கட்டணம், எதிர்பாராச் செலவு எல்லாம் சேரும். கட்டுமானத்துக்கான தொகை அதில் ஒரு பங்குதான். ‘ஊழல், பாதிப் பணம் எங்கே’ என்று கிளம்பும் முன் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகும் இடித்தால் தாராளமாகக் கேளுங்கள்.

படி 5: பணம்

*மாநில பட்ஜெட்.* நிர்வாக அனுமதி அரசாணை வந்தால்தான் திட்டத்துக்கு உயிர். அதில் திட்டத் தொகையும் எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு என்பதும் இருக்கும். புதிதாகத் தொடங்கும் செலவு ‘புதுப்பணி’ என்றால் சட்டமன்ற ஒப்புதல் வேண்டும். ஆண்டு நடுவில் அதற்காக துணை மானியக் கோரிக்கையில் ஆயிரம் ரூபாய் போன்ற அடையாளத் தொகை வைப்பார்கள். அதைப் பார்த்து ‘ஆயிரம் ரூபாயில் பாலமா’ என்று மீம் போடுகிறவர்கள் உண்டு. அது கதவைத் திறப்பதற்கான தொகை மட்டுமே. நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டாம் ஆண்டு பட்ஜெட்டில் அதே தலைப்பில் என்ன எண் இருக்கிறது, திருத்திய மதிப்பீட்டில் அது எவ்வளவு குறைந்தது என்பதைத்தான். ஒதுக்கிய தொகை மார்ச்சுக்குள் செலவாகாமல் திரும்பினால், பெரும்பாலும் நிலம் கைக்கு வரவில்லை என்று ஊகிக்கலாம்.

*மத்திய நிதி.* பெட்ரோல், டீசல் வரியிலிருந்து வரும் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி, தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நேரடிச் செலவு, மெட்ரோவுக்குப் பங்கு முதலீடு. மெட்ரோவில் மத்திய அரசுக்கு மூன்று வழிகள்: தனியார் கூட்டுத் திட்டத்தில் வருமானம் போதாத பகுதியை ஈடுகட்டும் நிதி, திட்டச் செலவில் 10 சதவீத மானியம், மத்திய மாநில அரசுகள் பாதிப் பாதிப் பங்கு வைக்கும் கூட்டு நிறுவனம். சென்னை மெட்ரோ மூன்றாவது வகை. 45 கி.மீ. முதல் கட்டத்துக்கு 2009 ஜனவரியில் மத்திய ஒப்புதல் கிடைத்தது, அப்போது மதிப்பு ₹14,600 கோடி. பெரும்பகுதி ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகாவின் கடன்.

*இரண்டாம் கட்டம் கற்றுத்தரும் பாடம்.* 118.9 கி.மீ., மூன்று வழித்தடங்கள், ₹63,246 கோடி. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டி வேலையும் தொடங்கிவிட்டது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் வந்ததோ 2024 அக்டோபர் 3-ல். நடுவில் நான்கு ஆண்டு அது ‘மாநிலத் துறைத் திட்டம்’ என்ற பெயரில் ஓடியது. அதாவது கடனுக்கான பொறுப்பு மாநிலத்தின் தலையில், மாநிலம் ஓர் ஆண்டில் வாங்கலாம் என்று மத்திய அரசு வகுத்த கடன் வரம்புக்குள். ஒப்புதலுக்குப் பிறகு கணக்கு இப்படி மாறியது: ₹33,593 கோடிக் கடன் முழுவதும் மத்திய அரசு வழியாக, பங்கு மூலதனமும் துணைக் கடனும் ₹7,425 கோடி மத்திய அரசிடமிருந்து, மீதி ₹22,228 கோடி மாநிலத்திடமிருந்து. ‘மத்திய அரசு 65 சதவீதம் தருகிறது’ என்ற தலைப்புச் செய்தியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் கடன்தான். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாவிட்டால் மாநிலம். மாநிலத்துக்குக் கிடைத்த உண்மையான ஆதாயம், ₹33,593 கோடி அளவுக்குக் கடன் வரம்பு விடுபட்டதுதான். இரு கட்சிக்காரர்களும் இதைப் பாதி பாதியாகச் சொல்வதால் முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*வெளிநாட்டுக் கடன்.* ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகிய நான்கும் இரண்டாம் கட்டத்தில் இருக்கின்றன. வட்டி குறைவு, தவணை நீளம். ஆனால் பணம் முன்கூட்டி வராது. செலவு செய்து கணக்கு அனுப்பினால்தான் வரும். டெண்டர் விதி, சுற்றுச்சூழல், மறுகுடியமர்வு எல்லாவற்றிலும் வங்கியின் நிபந்தனைகள் உண்டு. மெட்ரோவுக்கு இந்தியாவின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன்அனுமதி கட்டாயமில்லை. இருந்தும் இந்த வங்கிகள் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கேட்டு, அதைத் தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. இங்கே அலுவலகத்தில் கேட்டுக் கிடைக்காத மறுகுடியமர்வுத் திட்டம் அங்கே பிடிஎப் ஆகக் கிடைக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

சில கடன்கள் கட்டடத்துக்காக அல்லாமல் முடிவுகளுக்காகத் தரப்படும். உலக வங்கி 2021-ல் சென்னைக்கு ஒப்புதல் அளித்த 15 கோடி டாலர் அப்படிப்பட்டது. குறித்த இலக்கை எட்டியதாகச் சரிபார்த்த பிறகே பணம் வரும். மாநகர் போக்குவரத்துக் கழகம் மின்சாரப் பேருந்துகளை மொத்தச் செலவு ஒப்பந்தத்தில் எடுத்தது இந்தச் சூழலில்தான். பேருந்தும் ஓட்டுநரும் நிறுவனத்தினுடையது, நடத்துநரும் டிக்கெட் வசூலும் கழகத்தினுடையது. ஓடிய கி.மீ.க்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும். 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் இப்படிக் கிளம்பின. இந்த ஏற்பாட்டில் பேருந்து காலியாக ஓடினாலும் நிறுவனத்துக்குப் பணம் வரும். அதனால் நேரம் தவறியதற்கும் நிறுத்தத்தில் நிற்காமல் போனதற்கும் அபராதம் எவ்வளவு என்ற ஒப்பந்தப் பிரிவுதான் பயணிக்கு முக்கியம்.

*தனியார் பணம்.* நெடுஞ்சாலையில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. ஒப்பந்ததாரரே வடிவமைத்துக் கட்ட, அரசு முழுப் பணம் தருவது ஒன்று. தனியார் முதலிட்டு சுங்கம் வசூலிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள கலப்பு முறையில் கட்டும்போதே 40 சதவீதம், மீதி 60 சதவீதம் 15 ஆண்டுத் தவணை. சுங்கத்தை நம்பிய திட்டம் அரசியலுக்கும் அடுத்த திட்டத்துக்கும் ஆட்படும். மெட்ரோ வேலை தொடங்குவதால் பழைய மகாபலிபுரம் சாலையின் நான்கு சுங்கச்சாவடிகள் 2021 ஆகஸ்டில் மூடப்பட்டன. வண்டிக்காரருக்கு நிம்மதி. அந்த வருமானத்தை நம்பிய கணக்கு வேறு இடத்திலிருந்து ஈடுகட்டப்பட வேண்டும்.

*ரயில்வே மேம்பாலம்.* ஒரு நாளில் லெவல் கிராசிங்கைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகன அலகுகளையும் பெருக்கினால் 1 லட்சம் வர வேண்டும். வந்தால் ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பகிரும். 120 ரயில், 1,000 வாகன அலகு என்றால் 1.2 லட்சம், தகுதி உண்டு. புறநகர் ரயில் பாதையில் இந்த எண் எளிதில் வந்துவிடும். தண்டவாளத்துக்கு மேலான பகுதியை ரயில்வே கட்டும், இரு பக்க அணுகுசாலையை நெடுஞ்சாலைத் துறை கட்டும். நடுப்பகுதி மட்டும் வானத்தில் தொங்கி, இரு முனையும் காற்றில் நிற்கும் பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். ரயில்வேக்கு நிலம் தன்னுடையது, நெடுஞ்சாலைத் துறைக்கு நிலம் ஊராருடையது. அதுதான் காரணம்.

ரயில்வேயின் பட்டியலில் இல்லாத வேலையை மாநிலம் கேட்டால் முழுச் செலவையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். கிளாம்பாக்கம் ரயில் நிலையம் அப்படித்தான்.

படி 6: நிலம்

எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று முதல் வரியிலேயே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம்: நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும், ஓராண்டுக்குள் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வராவிட்டால் 3ஏ செல்லாமல் போகும். மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001: முதலில் 15(2) நோட்டீஸ், விசாரணைக்குப் பிறகு 15(1) அறிவிக்கை. 15(1) வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும், அதன் பிறகு பேச மிச்சம் இருப்பது தொகை மட்டுமே. மெட்ரோவுக்கு 1997-ன் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம்.

‘2013 நில எடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்க ஆய்வு எங்கே’ என்று கூட்டங்களில் கேட்பார்கள். மேலே சொன்ன மாநிலச் சட்டங்களில் எடுக்கும் நிலத்துக்கு அந்த ஆய்வு கட்டாயமில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லாதாக்கியது. அதே ஆண்டு மாநிலம் அந்தச் சட்டங்களை உயிர்ப்பிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படிதான்.

அந்தக் கணக்கு இப்படி. ஒரு கற்பனை உதாரணம்: நகருக்குள் 300 சதுர அடி போகிறது, சந்தை மதிப்பு சதுர அடி ₹8,000. நிலம் ₹24 லட்சம். நகர்ப்புறத்தில் பெருக்கல் எண் 1. இடிபடும் கட்டடம் ₹6 லட்சம். கூட்டினால் ₹30 லட்சம். இதற்கு நூறு சதவீத ஆறுதல் தொகை, இன்னொரு ₹30 லட்சம். நில மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக, ஓராண்டுக்கு ₹2.88 லட்சம். மொத்தம் ₹62.88 லட்சம்.

இதில் எல்லாமே தொங்குவது ‘சந்தை மதிப்பு’ என்ற எண்ணில். வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. கூடியதை எடுப்பார்கள். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்ட தெருவில், உண்மை விலையை நிரூபிக்க ஒரு பத்திரமும் இருக்காது. நில எடுப்பு நேரத்தில் ‘அரசு அடிமாட்டு விலை தருகிறது’ என்ற கோபத்தின் வேர் பல தெருக்களில் இதுதான்.

நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியவை: பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி நகல்களோடு எழுத்துமூலம் பதில், புலப்படத்தை வாங்கி எடுக்கப்போகும் பகுதியை அதில் குறிக்கச் சொல்வது, கூட்டு அளவீடு கேட்பது, கடை வாடகைதாரர் இருந்தால் அவர் பெயரையும் பதியச் சொல்வது. பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயரே இருந்தால் இழப்பீடு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதை இன்றைக்கே மாற்றுங்கள், திட்டம் வந்தாலும் வராவிட்டாலும்.

நிலம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயிலே போதும். 5 கி.மீ. நீட்டிப்பு, 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சில நூறு மீட்டர் நிலத்து வழக்குகளால் பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. தனியார் நிலம்தான் சிக்கல் என்றும் நினைக்க வேண்டாம். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பாதையோரம் இருந்த மத்திய அரசு அமைப்புகளின் இடம் கைக்கு வரத் தாமதமானது முக்கியக் காரணம்.

படி 7: அனுமதிகள்

மரம் வெட்ட மாவட்ட பசுமைக் குழு, ஆற்றோரம் என்றால் நீர்வளத் துறை, கடல் ஏறி இறங்கும் கழிமுகப் பகுதி என்றால் கடலோர ஒழுங்காற்று மண்டல அனுமதி. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையைப் பாருங்கள். 2009-ல் அடிக்கல், அப்போது 19 கி.மீ., ₹1,815 கோடி. கூவத்தில் தூண்கள் வெள்ளத்தைத் தடுக்கும் என்று 2012-ல் மாநில அரசு நிறுத்தியது. பாதி எழுந்த தூண்கள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றன. இரண்டு அடுக்காக மாற்றி, சுமார் 20.5 கி.மீ., ₹5,800 கோடிக்கு மேல் என்று 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. ஆட்சி மாற்ற அரசியல் அதில் இருந்தது உண்மை. ஆனால் ஆற்றுக்குள் தூண் வைப்பது பற்றி வடிவமைப்புக் கட்டத்திலேயே நீர்வளத் துறையின் எழுத்துபூர்வ ஒப்புதலை முடித்திருந்தால் அந்த அரசியலுக்குப் பிடிமானம் குறைந்திருக்கும்.

படி 8: டெண்டர், வேலை, திறப்பு

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் 1998-ன் கீழ் இரண்டு உறை முறை: முதலில் தகுதி, பிறகு விலை. மதிப்பீட்டைவிட மிகக் குறைத்துப் போட்டவருக்குப் போன வேலை பாதியில் நிற்க வாய்ப்பு அதிகம். அளவு கூடியது, விலை ஏறியது என்று கூடுதல் பில் வரும்.

வேலை தொடங்கியதும் முதல் ஆறு மாதம் எதுவும் எழாது. பள்ளம் தோண்டி மூடுவது மட்டும் நடக்கும். அது சோம்பல் அல்ல, குழாயும் கேபிளும் மாற்றுவது. எழுபது எண்பது ஆண்டுப் பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் வரைபடத்தில் ஓரிடமும் மண்ணில் வேறிடமுமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோண்டும் வேலையை நிறுத்திவிடும். செப்டம்பரில் புதுப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்றால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் அன்றைக்கே கேளுங்கள்.

திறப்பு நாளில் கவனிக்க வேண்டியது இணைப்பு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தபோது அருகே ரயில் நிலையம் இல்லை, ஜிஎஸ்டி சாலையைக் கடந்து அதற்குப் போகும் நடைமேம்பாலமும் இல்லை. முனையம் சிஎம்டிஏ, ரயில் நிலையம் தெற்கு ரயில்வே, சாலை நெடுஞ்சாலை. மூன்றுக்கும் தனித்தனி அரசாணை, தனித்தனிக் கெடு. பெரிய பையோடு வந்திறங்கியவர்தான் அந்த இடைவெளியை நடந்து நிரப்பினார்.

மெட்ரோவுக்கு ஒரு கூடுதல் வாசல் உண்டு: மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் சான்று இல்லாமல் பயணியை ஏற்ற முடியாது. பிறகு ஓட்டும் செலவு. மாநிலத்தில் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 2021 பிப்ரவரியில் ₹70-லிருந்து ₹50 ஆனது. கட்டும் பணத்துக்குக் கடன் தரப் பலர் உண்டு. ஓட்டும் பணத்துக்கு மாநில பட்ஜெட்டை விட்டால் வேறு ஆள் இல்லை.

எந்தப் படி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை. சாலை உரிமையாளர் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘திட்டத்தின் நிலை என்ன’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி அரசாணையின் எண்ணும் நகலும், கணக்குத் தலைப்பு, கடந்த மூன்று ஆண்டு ஒதுக்கீடும் செலவும், சர்வே எண் வாரியான நில அட்டவணை, அதில் கைவசமானது எத்தனை சதவீதம், குழாய், கேபிள் மாற்ற மற்ற துறைகளுக்குக் கட்டிய தொகையும் தேதியும், பணி ஆணைத் தேதி, ஒப்பந்தக் கெடு, இதுவரை தந்த கால நீட்டிப்புகள். ஒரே மனுவில் பத்துக் கேள்வியை அடைக்காமல் நிதிக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டால் பதில் தெளிவாக வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. கூவம், அடையாறு ஓரத்துத் திட்டம் என்றால் இன்னொரு நகலை நீர்வளத் துறைக்கும் அனுப்புங்கள். நெடுஞ்சாலைத் துறை ‘அனுமதி கேட்டிருக்கிறோம்’ என்று சொல்லும் கடிதம் அங்கே உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.